பாதமும் பென்சனும்: புத்தளக் கரையோரத்துப் பழைய படைவீரர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

படைகளின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த நாளில் எந்தக் கோட்டை வீழ்ந்தது, எவர் எவரோடு உடன்படிக்கை செய்துகொண்டார் என்பனவே ஏடுகளை நிரப்புகின்றன. ஆயினும் புகைவண்டி தோன்றுவதற்கு முற்பட்ட படைகள் பெரும்பாலும் கால்நடையாகவே போருக்குச் சென்றன. கால் கெட்ட வீரன், துப்பாக்கி பிடிக்க இரு கைகளும் நன்றாயிருந்தும், படைக்கு உதவாதவனாகக் கழிக்கப்பட்டான். அவ்வாறு கழிக்கப்பட்டவன், தன் காலைக் கெடுத்தது அரசனின் சேவையே என்று நிலைநாட்டினால் எஞ்சிய நாள்களுக்குச் சிறு தொகை கிடைக்கும். நிலைநாட்டத் தவறினால் வெறுங்கையுடன் செல்ல வேண்டியதே. இந்தச் சிறு வழக்கில், குடியேற்ற ஆட்சிக்கும் அதன் கீழ்நிலைச் சேவகனுக்கும் இடையிலிருந்த உறவு முழுவதும் அடங்கிக் கிடப்பதைக் காணலாம். அவ்வாறான சேவகரின் சந்ததியினர் இன்றும் வாழ்ந்துவரும் புத்தளக் கரை இப்பொருளை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களமாகும்.

புத்தளம் வாவியின் வாயிலைக் காத்து நிற்கும் கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கி 1676இல் முடித்தனர். 1795இல் அது பிரித்தானியர் கைக்கு மாறியது. கறுவாவும் உப்பும் முத்தும் செல்லும் கடல்வழியைக் கண்காணித்த அக்கோட்டையைச் சூழ்ந்து தமிழர், சோனகர், சிங்களவர், செட்டிகள், பரதவர், மலாயர், ஆபிரிக்கர் எனப் பல இனத்தவரும் வாழ்ந்தனர். 'தமிழ் புளூட்டாக்' எழுதிய சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்ததும் இக்கற்பிட்டியிலேயே. 1834இல் வெளிவந்த அவரது இலங்கை அகராதி நூல் இக்கரையோரத்தின் ஊர்களையும் குடிகளையும் ஆங்கிலத்தில் முறையாகப் பதிவு செய்த முன்னோடி முயற்சியாகும். இலக்கிய மாணவர் அவரைப் புலவர் சரித்திரக்காரராக மட்டுமே அறிந்திருப்பது ஒரு குறையே. அவர் காலத்துப் புத்தளத்தை அறிய விரும்புவோர்க்கும் அவரன்றி வழிகாட்டி இல்லை.

இங்கு வந்து நிலைத்த படைவீரர் இரு வகையினர். ஒல்லாந்தர் தென்கிழக்காசியத் தீவுகளிலிருந்து கொணர்ந்த மலாய வீரரைப் பிரித்தானியர் தம் பக்கம் சேர்த்துக்கொண்டு, தேசாதிபதி நோர்த் காலத்தில் முதலாம் இலங்கை றெஜிமென்றாக அமைத்தனர். இம்மலாயரின் படைவாழ்வு பற்றிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த பீ. ஏ. ஹுசெய்ன்மியா 1980களிலும் 1990இலும் வெளியிட்ட ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. மற்றையோர் 'காபிரிகள்' என வழங்கப்பட்ட ஆபிரிக்கர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வந்தவர்களோடு, பிரித்தானியரும் கோவா, மொசாம்பிக் ஆகிய இடங்களில் அடிமைகளை விலைக்கு வாங்கித் தம் றெஜிமென்றுகளில் சேர்த்தனர். அடிமை வியாபாரத்தை ஒழித்ததாகப் பெருமை பேசிய அரசு, அதே தசாப்தத்தில் தன் படைக்கு ஆள் வேண்டி ஆபிரிக்கரை விலை கொடுத்து வாங்கியது என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். 1827இல் எஞ்சிய றெஜிமென்றுகள் ஒன்றிணைக்கப்பட்டு 'இலங்கை றைபிள் றெஜிமென்ற்' எனப் பெயர் பெற்றன. 1873இல் அதுவும் கலைக்கப்பட்டது.

இவ்வீரரின் கால்கள் எவ்விதம் கெட்டன என்பதை அறிய, 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை நோக்கவேண்டும். தேசாதிபதி பிறவுண்றிக் அக்கிளர்ச்சியை அடக்கத் தன் படைகளையும் சென்னையிலிருந்து வந்த சிப்பாய்களையும் மழைபெய்யும் மலைக்காடுகளுக்குள் அனுப்பினார். எமேர்சன் டெனன்ற் தமது நூலில், அந்நாளில் மலைநாட்டில் நடந்த படையினர், சிறப்பாகச் சென்னைச் சிப்பாய்களும் பாதை வெட்டுவோரும் சுமைகூலிகளும், தரை அட்டைகளால் பட்ட துன்பத்தையும், அதனாற் பலர் மடிந்ததையும் மார்ஷல், டேவி என்ற இரு படைவைத்தியரின் சான்றுகொண்டு எடுத்துரைக்கின்றார். அட்டைக்கடியால் மனிதர் இறப்பர் என்பது கேட்போர்க்கு மிகைபோலத் தோன்றலாம். கடி மட்டும் கொல்வதில்லை. ஈரம் காயாத கால். நாள்தோறும் புதிதாய்ப் பல கடிவாய்கள். சொறிந்த நகத்தின் அழுக்கு. ஒழுங்கான உணவின்மையால் ஏற்கெனவே நலிந்த உடல்: இவை கூடும்போது கடிவாய் புண்ணாகின்றது, புண் அழுகுகின்றது, பின்பு காலையோ உயிரையோ கொண்டுபோகின்றது. பிற்காலத்தில் கோப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியால் தைத்த அட்டை உறைகளைக் காலில் மாட்டிக்கொண்டனர். ஊர்மக்கள் எண்ணெயும் புகையிலைச் சாம்பலும் தேசிக்காய்ச் சாறும் பூசினர். வெறுங்காலோடு சுமையேந்திச் சென்ற சிப்பாய்க்கும் கூலிக்கும் நின்று சாறு பூசிக்கொள்ள நேரமேது?

மலையின் கேடு அட்டை என்றால் கரையின் கேடு முள்ளும் உப்பும். புத்தளத்திலிருந்து வடக்கே செல்லும் வறண்ட காட்டில் உடைமுள்ளும் ஈச்சமுள்ளும் நிறைந்திருக்கும். முள் தைத்த வெறுங்காலில் மண்ணிலுள்ள பூஞ்சணம் புகுந்து, பாதம் முழுவதும் வீங்கிக் கண்கண்ணாகத் துளைபட்டுச் சீழ் வடியும் நோயொன்று தமிழ்நாட்டில் பழங்காலந்தொட்டு அறியப்பட்டதே. மதுரையிலிருந்த ஆங்கில வைத்தியர் 1840களில் அதனை எழுதியமையால் உலக மருத்துவ நூல்களில் அது 'மதுரைக்கால்' என்றே பெயர் பெற்றுவிட்டது. (ஒரு சங்கத்தமிழ் நகர் தன் பெயரை உலகிற்கு அளித்த வழி இது என்பது வருந்தத்தக்க வேடிக்கை!) முள் தைத்தது அணிவகுப்பிலா, ஓய்வுநாளிலா என்று சில ஆண்டுகள் கழித்து வீங்கிய பாதத்தைப் பார்த்து எந்த வைத்தியரால் கூறமுடியும்? பென்சன் வழக்கின் மூலமுடிச்சு இதுவே.

அம்முடிச்சு எங்ஙனம் விழுந்தது என்பதற்குச் சட்டத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். பிரித்தானியப் படையில் நெடுங்காலம் ஓய்வூதியம் என்பது செல்சி மருத்துவசாலையின் ஆணையாளர் மனமிரங்கி அளிக்கும் கொடையாகவே இருந்தது. 1806இல் வில்லியம் விண்டம் கொண்டுவந்த சட்டமே அதனை வீரனின் உரிமையாக்கியது. குறித்த ஆண்டுகள் சேவை புரிந்தவனும், சேவையால் ஊனமுற்றவனும் அதனைக் கேட்டுப் பெறலாம் என்ற நிலை ஏற்பட்டது. உரிமை என்றானதும் அதற்கு எல்லைகள் வகுக்கும் வேலையும் தொடங்கியது. விடுவிக்கப்படும் வீரனின் பத்திரத்தில் அவனது வயது, உயரம், சேவை ஆண்டுகள், நோய் ஆகியவற்றோடு இன்னொரு கேள்விக்கும் றெஜிமென்றின் குழு விடையெழுத வேண்டியிருந்தது. இவ்வூனம் சேவையால் வந்ததா, அல்லது வீரனின் கவனயீனத்தாலோ, வேண்டுமென்றே செய்துகொண்டமையாலோ, தீயொழுக்கத்தாலோ, குடியாலோ வந்ததா என்பதே அக்கேள்வி. அதற்கு எழுதப்பட்ட ஒருவரி விடையில் ஒரு குடும்பத்தின் பிழைப்புத் தங்கியிருந்தது.

இக்கேள்வியைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட ஒருவர் இலங்கையிலேயே தம் பாடத்தைக் கற்றார் என்பது பலரறியாத செய்தி. ஹென்றி மார்ஷல் என்ற ஸ்கொட்லாந்துப் படைவைத்தியர் 1808 முதல் 1821 வரை இத்தீவில் இருந்தார். இலங்கை றெஜிமென்றுகளில் பணிபுரிந்தார். கிளர்ச்சிக் காலத்தில் கண்டி மாகாணங்களில் மூத்த வைத்திய அதிகாரியாக இருந்தார். கெப்பெட்டிபொல திசாவையின் மண்டையோட்டை எடின்பரோவிலிருந்த கபாலவியற் சங்கத்திற்குக் கொண்டுசென்று கொடுத்தவரும் இவரே. தாய்நாடு திரும்பியபின், 1828இல் இளம் படைவைத்தியர்க்கான குறிப்புகளையும், 1832இல் வீரரைச் சேர்த்தல், விடுவித்தல், பென்சன் அளித்தல் பற்றிய நூலையும் வெளியிட்டார். படைமருத்துவப் புள்ளிவிபரவியலின் தந்தை என்று பிற்காலத்தார் அவரைப் போற்றுவர்.

மார்ஷலின் நூல்களில் இரு மனிதர் ஒன்றாக வாழ்கின்றனர் எனலாம். ஒருவர், படையினரின் நோயும் சாவும் எண்ணிக் கணக்கிடப்படவேண்டும், கணக்கிட்டால் அவற்றுட் பலவற்றைத் தடுக்கலாம் என்று நம்பியவர். கசையடித் தண்டனையின் கொடுமையைக் கண்டித்தவர். மற்றவர், பென்சன் பெறும் ஆசை வீரரைப் போலிநோயாளராக்குகின்றது என்று ஓயாது ஐயுற்றவர். காற்புண் இந்த ஐயத்தின் நடுவில் நின்றது. காலில் இறுக்கக் கட்டுப்போட்டும், காரமான பொருள்களைத் தடவியும் புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கும் வீரர் பற்றிய எச்சரிக்கைகள் அக்காலத்து வைத்திய நூல்களில் மலிந்திருந்தன. அத்தகையோர் இருந்தனர் என்பதும் பொய்யன்று. ஆண்டுக்கணக்கில் படைமுகாமிலிருந்து மீள வழியின்றித் தவித்தவன் தன் காலையே தாரைவார்த்து விடுதலை தேடினான் என்றால், அது மோசடி என்ற சொல்லுக்குள் முற்றும் அடங்கக்கூடியதா என்பது வேறு வினா. ஆனால் ஒரு சிலரின் புண் போலியானபடியால் எல்லோர் புண்ணும் விசாரணைக்கு உள்ளாயிற்று. அட்டைக்காட்டில் காலழுகிக் கிடந்தவர்களைக் கண்ணாற் கண்ட அதே வைத்தியர் தலைமுறைதான், முகாம் மருத்துவசாலையில் காற்புண்ணை நம்பாதே என்று இளைஞர்க்கு உரைத்தது என்பது சிந்திக்கத்தக்கது.

புண்ணாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத நோய்க்கு என் செய்வது? சிப்பாய்கள் நெடுநாளாகச் சொல்லிவந்த முறைப்பாடு ஒன்றுண்டு: கால் எரிகிறது. பாதத்தில் வீக்கமில்லை, காயமில்லை, நிறமாற்றமில்லை. இரவில் தணல்மேல் வைத்ததுபோல எரிகிறது என்பர். 1826இல் கிறியர்சன் என்ற வைத்தியர் இந்தியாவில் இதனை ஒரு தனி நோயாக எழுதினார். அதன்பின் நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1946இல், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுகூடத்திலிருந்த சி. கோபாலன் இது 'பி' தொகுதி உயிர்ச்சத்துக் குறைவால் வருவது என்பதை விளக்கினார். இன்று மருத்துவ நூல்கள் இருவர் பெயரையும் இணைத்து அந்நோயை வழங்குகின்றன. இடைப்பட்ட காலத்தில் கால் எரிகிறது என்று சொன்னவன் பொய்யனாகவோ சோம்பேறியாகவோ எண்ணப்படும் ஆபத்தில் நின்றான். காட்டுவதற்கு அவனிடம் எதுவுமில்லை.

பெரிபெரி நோயும் இதற்கு உறவே. இலங்கையில் பிரித்தானிய ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே படையினரை அது வாட்டியதை தோமஸ் கிறிஸ்டி முதலிய வைத்தியர் எழுதியுள்ளனர். 'இயலாது' என்னும் பொருள்கொண்ட சிங்களச் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது என்று பலர் கூறுவர். அது காலிலிருந்து தொடங்கும்: முதலில் மரப்பு, பின்பு கணுக்கால் வீக்கம், நடைத் தளர்ச்சி, இறுதியில் இதயம். தீட்டிய அரிசியை மட்டும் உண்பதால் அது வருகிறது என்பதை 1890களில் யாவாவில் ஐக்மன் கோழிகளைக் கொண்டு செய்த சோதனைகளே உணர்த்தத் தொடங்கின. அஃதாவது, படைவீரனுக்கு அரசு அளந்துகொடுத்த உணவே அவன் காலை மரக்கச் செய்திருக்கலாம். இதைவிடச் சேவையோடு நெருங்கிய காரணம் வேறொன்று இருக்கமுடியாது. ஆனால் நோயின் காரணம் அறியப்படாதவரை அதனைச் சேவையால் வந்தது என நிறுவ எவராலும் முடிந்திராது. அறிவியலின் தாமதம் எப்போதும் கேட்பவன் தலையிலேயே விழுந்தது. கொடுப்பவன் அதனால் எதையும் இழக்கவில்லை.

இனி, கரையோரத்துக்கும் வன்னிக்கும் பொதுவான நோய்களும் வழக்கைச் சிக்கலாக்கின. பறங்கி நோய் அவற்றுள் முதன்மையானது. வறண்ட பிரதேசக் கிராமங்களில் பரவிக் கிடந்த அந்நோய் பற்றி 1881இல் வைத்திய அதிபர் கின்சி விரிவான அறிக்கை ஒன்றைச் சமர்ப்பித்தார். 1905இல் கொழும்பில் கஸ்ரெலானி அதன் கிருமியைக் கண்டறிந்தார். உள்ளங்காலில் அது எழும்போது தோல் தடித்து வெடித்து, நோயாளி பாதத்தின் ஓரத்தை ஊன்றி நண்டுபோல நடப்பான். மேற்கு, தெற்குக் கரைகளில் யானைக்கால் வேறு. (2016இல்தான் யானைக்கால் நோய் இலங்கையில் பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதை உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது.) பறங்கி, யானைக்கால் ஆகியவற்றை 'ஊரின் நோய்' என்று வகுத்தால் அரசுக்குப் பொறுப்பில்லை. ஆனால் மொசாம்பிக்கில் பிறந்தவனையும் யாவாக் குடிவழி வந்தவனையும் அந்த ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்தியது யார்? மலாயனுக்கும் ஆபிரிக்கனுக்கும் புத்தளத்து நுளம்பின் கடியே படைச்சேவையின் ஒரு கூறுதான். இவ்வாதம் அக்காலத்து மருத்துவக் குழுக்களின் சிந்தனைக்கு எட்டியதன்று. ஆயினும் வரலாற்று மாணவன் அதனை எழுப்பாமல் விடுவது முறையன்று.

ஆபிரிக்கரின் நிலை இன்னும் கொடிது. 1806ஆம் ஆண்டுச் சட்டம் ஐரோப்பிய வீரனுக்குச் சேவைக்காலத்தை வரையறுத்தது. அடுத்த ஆண்டின் அடிமை வியாபார ஒழிப்புச் சட்டமோ, கடலில் மீட்கப்பட்ட ஆபிரிக்கரை மன்னரின் படைகளிற் சேர்க்க இடமளித்ததுடன், அவர்க்கு அவ்வரையறையை மறுத்து, எல்லையற்ற சேவைக்குக் கதவைத் திறந்துவிட்டது. விலைக்கு வாங்கிச் சேர்க்கப்பட்டவனைத் தானாக முன்வந்து கையொப்பமிட்டவன் என்று கொள்ள முடியுமா? சேரும்போது உடல்நலத்தோடு இருந்தான் என்பதே ஊன வழக்கின் அடிப்படை. அடிமைக் கப்பலிலிருந்து இறங்கியவனின் பாதத்தில் விலங்குத் தழும்பு இருந்திருக்குமாயின் அது எந்தப் பதிவின்கீழ் வரும்? தற்கொண்டிருந்த நாடும், பெயரும், வயதும் மாற்றி எழுதப்பட்ட ஒருவன் தன் காலின் பழைய நிலைக்கு யாரைச் சாட்சி அழைப்பான்? 1841இல் லண்டனில் வெளியான படையினர் நோய், மரணம் பற்றிய புள்ளிவிபர அறிக்கை இலங்கைப் படைகளை இனவாரியாகப் பிரித்துக் கணக்கிட்டது. அதில் கட்டிகளுக்கும் புண்களுக்கும் ஒரு தனி நிரலும் உண்டு. மார்ஷல் தொடக்கிவைத்த கணக்கிடும் முறையின் விளைவே அது. இலங்கையிலிருந்த ஆபிரிக்க வீரர் ஏனைய சுதேச வீரரிலும் கூடுதலாக மடிந்தனர் என்பதையும் அக்கணக்கே வெளிப்படுத்தியது. எண்கள் அவர்தம் துயரைச் சொல்லின. அவர்தம் சொற்களைச் சொல்லவில்லை.

சொற்கள் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கரையோரத் தமிழில் கால்நோய்க்குச் சொற்பஞ்சமில்லை. பித்தவெடிப்பு, சேற்றுப்புண், கால் ஆணி, நகச்சுற்று, குதிவாதம், விறைப்பு, மரப்பு, உளைவு, கடுப்பு, எரிவு என ஒவ்வொன்றும் வெவ்வேறு நோவைக் குறிக்கும். மலாய் வீரர் தம் மொழியிலும், ஆபிரிக்கர் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியிலும் இத்தகைய வேறுபாடுகளை அறிந்தே இருப்பர். மருத்துவக் குழுவின் பத்திரமோ ஆங்கிலத்தில், ஓரிரு சொற்களில் எழுதப்பட்டது. உளைவும் கடுப்பும் எரிவும் ஒரே ஆங்கிலச் சொல்லாய்க் குறுகுவதற்குள், வழக்கின் பாதி தோற்றுப்போயிற்று. பத்திரத்தின் அடியில் பெருவிரலோ புள்ளடியோ இட்டவன், அதில் தன் காலைப்பற்றி என்ன எழுதப்பட்டது என்பதை அறியான். மலாயருள் அரபு எழுத்தில் எழுத வாசிக்கத் தெரிந்தோர் பலர் இருந்தனர். அவர்கூடத் தம் ஊனத்தைத் தம் எழுத்தில் எழுதிக்கொடுக்கும் இடம் அப்பத்திரத்தில் இல்லை.

படைவாழ்வு முடிந்த ஆபிரிக்க வீரர் பலர் புத்தளத்திலேயே நிலைத்தனர். சிறாம்பியடி, செல்லன்கண்டல் ஆகிய இடங்களில் அவர்தம் குடும்பங்கள் வேரூன்றின. அரசு அவர்க்குக் காணி வழங்கியதென்றும், உப்புத் திணைக்களக் காவலராகவும் வீதி வேலையாளராகவும் கச்சேரிச் சேவகராகவும் அமர்த்தியதென்றும் அச்சமூகத்தின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். உப்பு அன்று அரசின் ஏகபோகம். களவாக அள்ளுவோரைத் தடுக்க இரவும் பகலும் அளத்தைச் சுற்றி நடக்கவேண்டும். உப்பளத்து வரம்பில் நடந்த காலை அறியாதார் புத்தளத்தில் இல்லை. உப்புநீர் தோலை உலர்த்தி வெடிக்கச் செய்யும்; வெடிப்பில் உப்பேறும்; ஏறியபின் சிறு காயமும் ஆறாது. காலால் பிழைத்த படைவீரனுக்கு அரசு பின்னர் அளித்த பிழைப்பும் அவன் காலையே தின்றது. வேலை கொடுத்தமையால் பென்சன் தேவையற்றதாயிற்று என்று ஆட்சியாளர் எண்ணியிருக்கக்கூடும். காணியும் காவல்வேலையும் மனிதாபிமானமாகத் தோன்றினும், உரிமையாய்க் கேட்கத்தக்கதைத் தயவாய்ப் பெறும் நிலைக்கு அவை வீரனைத் தள்ளின என்பதே பொருத்தமான முடிவாகும்.

இருபதாம் நூற்றாண்டில் கால்நோய் திடீரென உலகச் செய்தியானது. 1914-15 மாரியில் பிரான்சின் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற பிரித்தானிய வீரருள் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் 'அகழிப்பாதம்' என்ற நோய்க்குள்ளாயினர். பாதம் மரத்து, வீங்கி, கறுத்து, சிலர்க்கு விரல்கள் கழன்றன. அப்போதும் முதலில் எழுந்த கேள்வி பழையதே: இது யார் குற்றம்? திமிங்கில எண்ணெய் பூசுவதும் காலுறை மாற்றுவதும் ஒழுங்குவிதியாக்கப்பட்டன; விதி இருந்தும் நோய் வந்தால் அது கட்டுப்பாட்டுக் குறைவாகக் கருதப்பட்டது. ஆனால் இம்முறை பாதம் இழந்தோர் ஆங்கிலேயராகவும், இலட்சக்கணக்கான வாக்காளர் குடும்பங்களைச் சேர்ந்தவராகவும் இருந்தனர். 1916இல் பிரித்தானியாவில் ஓய்வூதிய அமைச்சு தோன்றியது. சேவையால் 'விளைந்தது' மட்டுமன்றிச் சேவையால் 'மோசமடைந்தது' என்பதும் ஏற்கப்பட்டது. 1943இல் இன்னொரு பெருமாற்றம் நிகழ்ந்தது: நோய் சேவையால் வந்தது என வீரன் நிறுவவேண்டிய சுமை நீக்கப்பட்டு, அவ்வாறு வரவில்லை என அமைச்சே நிறுவவேண்டும் என்றாயிற்று. யப்பானியர் சிறைமுகாம்களில் அரைவயிற்றுச் சோற்றோடு கிடந்து மீண்ட வீரர் பல்லாயிரவர் 'கால் எரிகிறது' என்றபோது, அவர்களைப் பொய்யர் என்று தள்ளிவிட முடியவில்லை. கிறியர்சன் கேட்ட சிப்பாய்களின் சொல் நூற்றிருபது ஆண்டின்பின் வெள்ளையர் வாயிலிருந்து வந்தபோதே உண்மையாயிற்று!

அந்த யுத்தகாலத்தில் புத்தளமும் மீண்டும் படைநிலமாயிற்று. பாலாவியை அண்டி அமைந்த விமானத்தளத்தில் பிரித்தானியக் கடற்படை விமானங்கள் நின்றன. சேற்றில் புதைந்த விமானங்களை இழுக்க யானைகள் பயன்பட்டன. அக்காட்சியின் புகைப்படங்கள் உலகெங்கும் பரவின. யானையின் பாதத்தைப் படம்பிடித்த கருவி, பக்கத்தில் நின்ற உள்ளூர்த் தொழிலாளியின் பாதத்தைப் பொருட்படுத்தியதில்லை.

பிறநாடுகளில் இவ்வழக்கு இன்றுவரை தொடர்கின்றது. அமெரிக்காவில் தட்டைப்பாதம் பிறவியிலேயே அமைந்ததா, பின்னர் வந்ததா என்று பிரித்தறிவதற்கென்றே விதி வகுக்கப்பட்டுள்ளது. பிறவிக்கு உதவியில்லை, பின்னர் வந்ததற்கு உண்டு. இந்திய உச்சநீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில், சேரும்போது நோயேதும் பதியப்படாத வீரனுக்குப் பின்னர் வரும் நோய் சேவையால் வந்ததாகவே கொள்ளப்படும் என்றும், மறுப்பதாயின் காரணம் காட்டவேண்டியது படைத்தரப்பே என்றும் தீர்த்தது. மார்ஷலின் ஐயம் அங்கே தலைகீழாகத் திருப்பப்பட்டது எனலாம்.

இலங்கையில் 1980களில் மூண்ட யுத்தம் பாத ஊனத்தின் முகத்தையே மாற்றிவிட்டது. நிலக்கண்ணியில் காலிழந்தவனிடம் அது சேவையால் வந்ததா என்று கேட்பாரில்லை. 1968இல் இந்தியாவில் உருவான ஜெய்ப்பூர் பாதம் 1985 முதல் கொழும்பிலும் பொருத்தப்பட்டு வந்தது. அதனைப் பொருத்திக்கொண்டோருள் படையினரும் உண்டு, வயலுக்கும் விறகுக்கும் சென்று கண்ணியில் சிக்கிய குடிமக்களும் உண்டு. 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் படையினர் நலனுக்கென ரணவிரு சேவா அதிகாரசபை நிறுவப்பட்டது. பன்னிரண்டாண்டுச் சேவை நிறையுமுன் ஊனமுற்று விலகிய படையினர் ஓய்வூதியம் கோரி அண்மை ஆண்டுகளில் கொழும்பு வீதிகளில் அமர்ந்தமை, ஆண்டுக்கணக்கும் ஊனக்கணக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை என்பதைக் காட்டுகின்றது. அதே கண்ணியில் காலிழந்த குடிமகனுக்கோ, விண்டம் 1806இல் படைவீரனுக்கு அளித்த உரிமைக்கு நிகரான ஒன்று இல்லை.

சிறாம்பியடியில் இன்று எஞ்சியிருக்கும் ஆபிரிக்க வம்சாவளியினர் மிகச் சில குடும்பங்களே. சிங்களமும் தமிழும் பேசும் அவர்கள் 'மஞ்ஞா' எனப்படும் பாடல்களைப் போர்த்துக்கேயக் கிரியோலிலேயே பாடுகின்றனர். இளையோர்க்குச் சொற்களின் பொருள் முழுதும் தெரிவதில்லை. சிரட்டையும் கரண்டியும் போத்தலும் தாளமிட, பாட்டு அமர்ந்தவாறே மெல்லத் தொடங்கும். வேகம் ஏறியபின்பே ஒவ்வொருவராக எழுந்து கால்வைப்பர்.